முள் அசையவில்லை, பிடிதான் நகர்ந்தது: ஆர்22-இல் ஒரு கார்ப் ஐஸ் நிகழ்வு

எஞ்சின் நின்றபோது தரையிலிருந்து ஏறக்குறைய 600 அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். ராபின்சன் ஆர்22 பீட்டா II, இரண்டே இருக்கை, வலப்பக்கம் மாணவர், இடப்பக்கம் பயிற்சியாளராக நான். யாருக்கும் அடிபடவில்லை, ஹெலிகாப்டரிலும் ஒரு கீறல் இல்லை, அதனால் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் எஞ்சின் நிற்பதற்கு முந்தைய இருபது நிமிடங்களில் நான் பார்த்ததையும் பார்க்காமல் விட்டதையும் ஒவ்வொன்றாக எழுதிவைத்துப் படித்தபோது, கார்புரேட்டர் ஐஸ் (எஞ்சினுக்குப் போகும் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பிடிக்கும் உறைபனி, சுருக்கமாகக் கார்ப் ஐஸ்) பற்றி எனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நம்பியிருந்ததில் பாதி, இறக்கை வைத்த விமானத்தில் கற்றுக்கொண்ட பாடம் என்று புரிந்தது. ஹெலிகாப்டரில் அந்தப் பாடம் உதவாது, சில இடங்களில் ஆளையே கவிழ்த்துவிடும்.

முதலில் வானிலை. முந்தைய இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் தரையில் வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ், பனிநிலை (காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 13. இரண்டுக்கும் நடுவே மூன்றே டிகிரி இடைவெளி என்றால் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். மேகம் உயரத்தில் இருந்தது, பார்வைத் தூரம் நன்றாக இருந்தது, காற்று அமைதி. பறப்பதற்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது என்று சொல்லத் தோன்றும் நாள். கார்ப் ஐஸுக்கும் அதுதான் மிக நல்ல நாள். உறைபனி என்றதும் குளிர்காலமும் மேகமும் நினைவுக்கு வருகிறதே, அதுதான் முதல் பொறி. வெளியே 30 டிகிரி இருக்கும்போதும் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும் என்று ராபின்சன் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 25-ஆம் பாதுகாப்பு அறிவிப்பிலேயே இருக்கிறது. கடுங்குளிர் நாளில் காற்றில் ஈரமே அதிகம் இருக்காது, ஆகவே ஐஸ் பிடிக்க வாய்ப்பும் குறைவு. இதமான, ஈரமான நாள்தான் ஆபத்து.

தரையில் எஞ்சினைச் சூடேற்றும்போது கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழை, முழுதாக இழுத்து வைத்திருந்தோம், சரியாகத்தான் செய்தோம். கார்புரேட்டரின் வெப்பநிலையைக் காட்டும் கார்ப் டெம்ப் கேஜின் முள் ஏறியது, ஆக கேபிளும் கதவும் வேலை செய்கின்றன என்பதும் உறுதியானது. மேலெழும்புவதற்கு முன் முள் மஞ்சள் பட்டைக்கு வெளியே 8 டிகிரி அளவில் நிற்கும்படி மாணவர் குமிழைச் சரிசெய்தார். ஐஸ் பிடிக்கக்கூடிய வெப்பநிலையைக் குறிக்கும் அந்த மஞ்சள் பட்டை ஆர்22-இல் மைனஸ் 15-இலிருந்து பிளஸ் 5 வரை. முள் அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. "சரி, கிளம்பலாம்" என்றேன்.

இங்கேதான் முதல் தவறு நடந்தது, அதுவும் யார் கையும் படாமலே. இந்த மாடலில் கார்ப் ஹீட் அசிஸ்ட் என்று ஒரு இணைப்பு உண்டு. கலெக்டிவை (ரோட்டர் பிளேடுகளின் கோணத்தை ஒன்றாக மாற்றி ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) இறக்கினால் அது தானாகச் சூட்டைக் கூட்டும், ஏற்றினால் குறைக்கும். நடுவில் ஓர் உராய்வுக் கிளட்ச் இருப்பதால் விமானி எப்போது வேண்டுமானாலும் கையால் மாற்றிக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் பூட்டியும் வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான், அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் கலெக்டிவ் கீழே இருக்கும்போது வைத்த சூடு, ஹோவருக்கு (ஒரே இடத்தில் மிதந்து நிற்பது) எழும்பியதுமே குறைந்துவிடும், மேலே போனபின் குமிழை மறுபடி சரிசெய்ய வேண்டும். செய்யவில்லை. மாணவர் ஹோவரைச் சமாளிப்பதில் மும்முரமாக இருந்தார், நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குமிழை யாரும் பார்க்கவில்லை.

1,000 அடியில் ஒரு ஏரியின் கரையை ஒட்டி 75 நாட் வேகத்தில் போனோம். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான மேனிஃபோல்ட் பிரஷர் 21 அங்குலம், எஞ்சினும் ரோட்டரும் பச்சைப் பட்டையில் ஆடாமல் நின்றன. கார்ப் டெம்ப் முள் 2 டிகிரியில், அதாவது மஞ்சளுக்குள் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பிரஷர் விழவில்லை, ஆர்பிஎம் விழவில்லை, எஞ்சின் சத்தம் மாறவில்லை, ஐஸ் எதுவும் இல்லை" என்று மனதுக்குள் முடிவுகட்டினேன். இந்த நிகழ்வு முழுவதிலும் பெரிய தவறு எது என்று கேட்டால் இந்த ஒற்றை நினைப்பைத்தான் சொல்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். மாறாத கோண ப்ரொப்பெல்லர் உள்ள சிறு விமானத்தில் கார்புரேட்டரில் ஐஸ் பிடித்தால் ஆர்பிஎம் மெல்ல விழும். கோணம் மாறும் ப்ரொப்பெல்லர் என்றால் மேனிஃபோல்ட் பிரஷர் விழும். இரண்டிலும் முள் உங்களிடம் சொல்லிவிடும், நீங்களும் கார்ப் ஹீட்டை இழுப்பீர்கள், எஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டு சரியாகும். அறிகுறி முதலில், மருந்து பிறகு. ஆர்22-இல் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. ஆர்பிஎம் துளி குறைந்தாலும் அது எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டிலைத் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். த்ராட்டிலின் பட்டர்ஃப்ளை வால்வின் விளிம்பிலும் சுவரிலும் ஐஸ் படியப் படிய வழி குறுகுகிறது, கவர்னர் வால்வை அதே அளவு திறந்துகொடுக்கிறது, எஞ்சினுக்குப் போகும் காற்றின் அளவு மாறுவதில்லை. ஆகவே ஆர்பிஎம்மும் மாறாது, மேனிஃபோல்ட் பிரஷரும் மாறாது. கவர்னர் ஐஸை மறைத்துவிடும் என்பதற்காகவே 1996-இல் ராபின்சன் 31-ஆம் அறிவிப்பைத் தனியாக வெளியிட்டது. அதை நான் படித்திருக்கிறேன், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தும் அன்று இறக்கை வைத்த விமானத்தில் வந்த பழக்கம்தான் முன்னால் வந்து நின்றது.

அறிகுறியே இல்லையா என்றால், ஒன்று இருந்தது. என் இடது கை கலெக்டிவ் மேல் லேசாகப் படிந்திருந்தது. கிளம்பிய பத்தாவது நிமிடம் வாக்கில், கலெக்டிவின் நுனியில் உள்ள த்ராட்டில் பிடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருப்பது போலப் பட்டது, விரல் முட்டிகள் இருக்கும் இடம் மாறியிருந்தது. அதே 21 அங்குலம், அதே வேகம், அதே உயரம், பிடி மட்டும் வேறு இடத்தில். காற்று மாறியிருக்கும், மாணவர் இறுக்கிப் பிடித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். கேஜ் எதுவும் சொல்லாத இடத்தில், கவர்னர் செய்துகொண்டிருந்த வேலையை அந்தப் பிடி மட்டும்தான் வெளியே காட்டியது.

பிறகு இறங்கத் தொடங்கினோம். மாணவர் கலெக்டிவை இறக்கினார், பிரஷர் 15 அங்குலத்துக்கு வந்தது. அசிஸ்ட் கொஞ்சம் சூடு கொடுத்திருக்கும், முள் மஞ்சளைத் தாண்டி 7-க்கு ஏறியது. பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் 18 அங்குலத்துக்குக் கீழே அந்த முள்ளை நம்பக் கூடாது, முழுச் சூடு கொடுக்க வேண்டும் என்று கேஜ் அருகிலேயே ஒட்டியிருக்கிறது. காரணம் எளிது. பட்டர்ஃப்ளை ஏறக்குறைய மூடியிருக்கும்போது அழுத்தம் சட்டென்று விழுவதும் அதனால் குளிர்வதும் அந்த வால்வின் இடுக்கில்தான். வெப்பத்தை அளக்கும் உணரி இருக்கும் இடம் வேறு. தனக்குப் பக்கத்தில் உள்ளதைத்தான் அது சொல்லும், வால்வின் விளிம்பில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

எஞ்சின் ஒருமுறை தடுமாறியது. மூக்கு வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது, லோ ஆர்பிஎம் ஹார்ன் அலறியது. "சார், எஞ்சின்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி, மிச்சமிருந்த கலெக்டிவை முழுதாக அமுக்கி, வலது பெடலைக் கொடுத்து, வேகத்தை 65-க்குக் கொண்டுவந்தேன். ஆர்22-இன் ரோட்டர் இலகுவானது, சேமித்து வைத்திருக்கும் சுழல் ஆற்றல் கொஞ்சம்தான். ஏறும்போதோ வேகமாகப் போகும்போதோ இது நடந்திருந்தால் கலெக்டிவை இறக்க ஒரு நொடிதான் கிடைத்திருக்கும். நாங்கள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்ததால் கலெக்டிவ் பாதி கீழே இருந்தது, அதுதான் காப்பாற்றியது. ரோட்டர் முள் பச்சைக்கு மீண்டது, எஞ்சின் முள் தனியே பிரிந்து பூஜ்யத்துக்குப் போனது. அரை நிமிடம்கூட இல்லை, முன்னால் ஒரு புல்வெளி, ஃப்ளேர் (மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைப்பது), ஸ்கிட் ஈரப் புல்லில் சில அடி வழுக்கி நின்றது. மாணவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. நானும்தான்.

கார்ப் ஹீட்டை அந்த நேரத்தில் இழுத்தேனா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இல்லை. இழுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. சிறு விமானத்தில் எஞ்சின் செத்தாலும் எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டிருக்கும், எஞ்சினும் கூடவே சுற்றும், வழி கிடைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளவும் கூடும். ஹெலிகாப்டரில் ரோட்டரை விடுவிப்பதற்காகவே ஃப்ரீவீல் கிளட்ச் வைத்திருக்கிறார்கள், அது இல்லாமல் ஆட்டோரொட்டேஷனே (எஞ்சின் இல்லாமல் காற்றே ரோட்டரைச் சுற்ற இறங்குவது) கிடையாது. அதே கிளட்ச்தான் எஞ்சினைத் தனியே விட்டுவிடுகிறது. சுற்றிவிட யாரும் இல்லாமல் இரண்டு மூன்று நொடியில் அது நின்றுவிடும். கார்ப் ஹீட்டின் சூடு எங்கிருந்து வருகிறது? எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வரும் காற்றிலிருந்து. எஞ்சின் நின்றால் சூடும் இல்லை, உறிஞ்சும் காற்றும் இல்லை.

இது ஐஸ்தான் என்று எப்படிச் சொல்கிறேன்? பொறியாளர் வந்து பார்த்தபோது இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எரிபொருள் போதுமான அளவு இருந்தது, வடித்துப் பார்த்ததில் தண்ணீர் இல்லை, வடிகட்டி சுத்தம், மேக்னெட்டோ இரண்டும் சரி, பிளக்குகள் சரி. ஸ்டார்ட் செய்தார், உடனே பிடித்து சீராக ஓடியது. கார்ப் ஐஸ் தடயம் வைக்காது, எஞ்சின் நின்ற சில நிமிடங்களில் எஞ்சினின் மிச்சச் சூட்டிலேயே உருகி ஓடிவிடும். வேறு எந்தக் குறையும் கிடைக்காமல், வானிலையும் பொருந்தி வருவதுதான் இதற்குச் சாட்சி, நேரடிச் சாட்சி கிடைப்பது அபூர்வம்.

இன்னொரு சாத்தியத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கவர்னர் உராய்வின் வழியாகத்தான் த்ராட்டிலைத் திருப்புகிறது, பிடியை இறுக்கிப் பிடித்தால் விமானி அதை மீறிவிடலாம். பதற்றத்தில் இருக்கும் புது மாணவர்கள் இதை அடிக்கடி செய்வார்கள். இறங்கும்போது அவர் த்ராட்டிலைத் தெரியாமல் மூடியிருக்கலாமா? இதைப் பல நாள் யோசித்தேன். பிடி இரண்டும் இணைந்தவை, என் கையும் அதில் இருந்தது, அவர் மூடும் பக்கம் திருப்பியதாக நான் உணரவில்லை. அதைவிட முக்கியம், த்ராட்டிலை முழுதாக மூடினாலும் எஞ்சின் ஐடிலில் ஓட வேண்டும், அடியோடு நிற்கக் கூடாது. அதற்கு முந்தைய பத்து நிமிடமாகப் பிடி திறக்கும் பக்கம் நகர்ந்துகொண்டிருந்ததற்கு இறுக்கிப் பிடிப்பது விளக்கம் ஆகாது, இறுக்கிப் பிடித்த பிடி நகராது. ஐஸ் என்று வைத்தால் எல்லாம் ஒரே வரிசையில் பொருந்துகிறது.

அந்த வரிசை இப்படி. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதேதான். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்ச்சுரியிலும் வால்விலும் அழுத்தம் குறைவதால் இன்னும் கொஞ்சம் குளிரும். இரண்டும் சேர்ந்தால் 20, 30 டிகிரி வரை விழும், இதில் பெரும்பங்கு ஆவியாதலுடையது. காற்றில் இருக்கும் ஈரம் வால்வின் மேல் ஐஸாகப் படிகிறது. ஏரிக்கரையை ஒட்டியே பறந்தது ஈரத்தை இன்னும் கூட்டியிருக்கும். கவர்னர் வால்வை மெல்ல மெல்லத் திறந்து ஈடுகட்டியது. கடைசியில், திறந்த வால்வும் அதைச் சுற்றி வளர்ந்த ஐஸும் நடுவே எஞ்சினுக்குப் போதுமான ஓர் இடுக்கும் என்ற நிலைக்கு வந்திருக்கும். அப்போது கலெக்டிவை இறக்கினோம். கலெக்டிவோடு த்ராட்டிலைப் பிணைக்கும் கோரிலேட்டர், கலெக்டிவ் இறங்கியதும் வால்வை வழக்கமான அளவு மூடியது. ஐஸ் இல்லாத கார்புரேட்டருக்கு அது சரியான அளவு. எங்களுடையதில் அது கடைசி இடுக்கையும் அடைத்துவிட்டது.

ஹெலிகாப்டரில் இது ஏன் அதிகம் வருகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். பீட்டா II-இல் இருக்கும் லைகமிங் ஓ-360 குடும்பம் விமானங்களில் 180 குதிரைத்திறன் வரை தரும். ஆர்22-இல் அதைப் புறப்பாட்டுக்கு 131, தொடர்ந்து பறக்க 124 என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நீடித்து உழைக்கவும், உயரத்தில் கையிருப்பு வேண்டும் என்பதற்காகவும் செய்தது, நல்ல விஷயம். ஆனால் தாழ்வான உயரத்தில் அந்த எஞ்சினின் த்ராட்டில் ஒருபோதும் முழுதாகத் திறப்பதே இல்லை. விமானம் முழு த்ராட்டிலில் எழும்பும், ஹெலிகாப்டர் தேவையான அளவு சக்தியை மட்டும் எடுத்து எழும்பும். பாதி மூடிய வால்வுதான் ஐஸுக்குப் பிடித்தமான இடம், ஆகவே நமக்குப் புறப்படும்போதுகூட கார்ப் ஹீட் தேவைப்படலாம். ஆர்44 ரேவன் II போன்ற எரிபொருள் பீச்சும் எஞ்சின்களில் கார்புரேட்டரே இல்லை, அதனால் இந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் பயிற்சிக்கு வரும் பெரும்பாலானோர் முதலில் உட்காருவது கார்புரேட்டர் வைத்த இயந்திரத்தில்தான்.

இனி, கையாள்வது. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கும் முறையை ஆர்22-இல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஹோவர், ஏற்றம், பயணம் மூன்றிலும் முள் மஞ்சளுக்கு வெளியே இருக்கும்படி எவ்வளவு சூடு தேவையோ அவ்வளவு, தொடர்ந்து. பிரஷர் 18-க்குக் கீழே போகப்போகிறோம் என்றால் கலெக்டிவை இறக்குவதற்கு முன்பே முழுச் சூடு, முள் எங்கே நின்றாலும் சரி. ஆட்டோரொட்டேஷன் பயிற்சிக்கு முன்னும் இதேதான். கலெக்டிவைப் பெரிதாக ஏற்றினாலும் இறக்கினாலும் கண் ஒருமுறை கார்ப் டெம்ப் முள்ளுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அசிஸ்ட் உங்களைக் கேட்காமல் அதை மாற்றியிருக்கும். டெம்ப் கேஜ் இல்லாத இயந்திரத்தில் அரைகுறைச் சூடு வேண்டாம், முழுதாகக் கொடுங்கள் அல்லது கொடுக்காதீர்கள். உறைய முடியாத அளவு குளிர்ந்து உலர்ந்திருக்கும் காற்றைப் பாதிச் சூடு சரியாக ஐஸ் பிடிக்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து விடக்கூடும்.

எஞ்சின் ஏற்கெனவே முரடாக ஓடுகிறது, ஐஸ் என்று சந்தேகம் என்றால் முழுச் சூடு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உருகும் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் கலவையும் செறிவாகிவிடும், சில நொடிகளுக்கு ஓட்டம் இன்னும் மோசமாகத் தோன்றும். பயந்துபோய் குமிழை உள்ளே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தள்ளாதீர்கள், அந்த இருமல்தான் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

சூடு இலவசம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நிகழ்வைக் கேட்டுவிட்டு எப்போதும் முழுச் சூட்டோடு பறக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். சூடான காற்று சக்தியைத் தின்னும். தாழ்வான இடத்தில், இரண்டு பேரோடு கனமாக இல்லாதபோது, த்ராட்டிலில் கையிருப்பு இருக்கிறது, கவர்னர் சமாளித்துவிடும். உயரமான இடத்தில் வெயில் நாளில் த்ராட்டில் முழுதாகத் திறந்தபின்னும் போதாமல் போனால் ரோட்டர் ஆர்பிஎம் சரியும், அதற்கு மேலும் கலெக்டிவை இழுத்தால் ரோட்டர் ஸ்டால் (பிளேடுகள் தூக்கும் விசையை இழப்பது), அதிலிருந்து மீள வழி கிடையாது. எனவே இறங்கும்போது முழுச் சூடு, கடைசி அணுகலில் சக்தியைக் கூட்டத் தொடங்கியதும் தேவையான அளவுக்குக் குறைப்பு, ஹோவரில் மறுபடி முள்ளைப் பார்த்துச் சரிசெய்தல். அசிஸ்ட் இந்தக் குறைப்பில் உதவும், ஆனால் எவ்வளவு குறைந்தது என்பதைக் கண்தான் பார்க்க வேண்டும்.

த்ராட்டில் பிடியைப் பற்றி இன்னும் ஒன்று. இப்போது மாணவர்களிடம் பயணத்தின் தொடக்கத்தில், பிரஷர் இத்தனை அங்குலம் இருக்கும்போது உங்கள் விரல் முட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கவனித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பத்து நிமிடம் கழித்து அதே பிரஷரில் முட்டி நகர்ந்திருந்தால் கேள்வி கேட்காமல் சூடு. கையேட்டில் இல்லாத வழக்கம்தான், முள்ளுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளவும் சொல்ல மாட்டேன். முள்ளை மறந்த நாளில் கையாவது சொல்லட்டும் என்றுதான்.

சில வாரங்கள் கழித்து, பனிநிலை அதேபோல் நெருங்கியிருந்த ஒரு காலையில், அதே மாணவரும் நானும் அதே ஏரிக்கரைக்குப் போனோம். ஹோவருக்கு எழும்பியதும் முள் விழத் தொடங்கியது, அவரே குமிழை இழுத்து 10-இல் நிறுத்தினார். 21 அங்குலம், 75 நாட், இருபது நிமிடம். என் கை முழு நேரமும் பிடியின் மேல்தான் இருந்தது, அது நகரவே இல்லை. இறங்குவதற்கு முன் குமிழ் முழுதாக மேலே வந்தது, கலெக்டிவ் இறங்கியது, பிரஷர் 15-க்கு வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.